மணமாகாதவரின் மகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு முன்பின் தெரியாத ஒரு ஆள் ஸிஸாக்கேலேயின் சமையலறை ஜன்னலை அளந்துகொண்டிருந்தான். கையில் அளவு நாடா, காதில் பென்சில், வாயில் சீட்டி. துணி காயப்போட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்தவள், யாரப்பா நீ என்று கேட்டாள். மரியாதை தெரிந்த ஆள்தான். தொப்பியைக் கழற்றினான். பெயர் ம்ஸோமி, இந்த வீட்டை வாங்கப்போகிறவன், திரைச்சீலைக்கு அளவு கொண்டுவந்தால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று மனைவி சொல்லியிருக்கிறாள் என்றான்.

"நீங்க பின்னாடி ரூம்ல வாடகைக்கு இருக்கீங்களாம்மா? பயப்படாதீங்க. நாங்க யாரையும் உடனே காலி பண்ணச் சொல்ல மாட்டோம்" என்றான்.

டர்பன் நகரத்தை ஒட்டிய உம்லாஸியில் இருக்கும் அந்த வீட்டில் ஸிஸாக்கேலே இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். அரசாங்கம் நாலு அறையோடு கொடுத்தது. பின்னால் இருக்கும் இரண்டு அறைகளும் அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தக்கறை படிந்த விரிப்புகளை அலசி அலசிச் சேர்த்த சம்பளத்தில் எழுந்தவை. அதில் ஒரு அறையில்தான் அவளை வாடகைக்கு வைத்தான் ம்ஸோமி. வேறு ஒருத்தியாயிருந்தால் தெருவே கூடியிருக்கும். இவளுக்கோ கோபம் ஏற ஏறக் குரல் தணியும், உபசாரம் கூடும். உட்காருங்க தம்பி என்று சொல்லித் தேநீர் போட்டாள்.

தேநீர் உள்ளே போனதும் எல்லாம் வெளியே வந்தது. இதற்கு முன் இரண்டு வீடு பார்த்தானாம். இரண்டிலும் வீட்டுக்காரி கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டாளாம். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்காரர் பெக்குமூஸி ங்குபானே மணமாகாதவர். ஒரே கையெழுத்து, காரியம் முடிந்தது. சொன்னதோடு நிற்காமல் கோப்பைத் திறந்து பத்திரத்தையும் காட்டினான். போலீஸ் நிலையத்தில் சத்தியம் செய்து முத்திரை குத்தி வாங்கியது. அதில் கண்ணாடிபோலத் தெளிவாக எழுதியிருந்தது: நான் யாரையும் மணந்ததில்லை. ஸிஸாக்கேலே செலே என்ற பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்தது உண்டு. அவள் தகப்பனுக்குப் பரிசமாகத் தரவேண்டிய பதினோரு மாடுகளில் ஒன்பதுதான் தந்தேன். ஆகவே வழக்கப்படி அது திருமணம் ஆகாது.

இன்னொரு நகல் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. வீட்டுக்காரர் வந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கி மடித்து, மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

பெக்குமூஸி என்றால் வீட்டைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். பெற்றவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். முப்பது வருஷம் ஊராருக்குப் பேருந்து ஓட்டியவர், ஓய்வு பெற்ற நாளிலிருந்து சொந்தமாக ஒரு டாக்ஸி வண்டி வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். பதினைந்து பேர் உட்காரும் வெள்ளை வண்டி. அதன் முகப்பில் என்ன வாசகம் எழுதுவது என்பது வரை யோசித்தாகிவிட்டது. குடிகாரர் இல்லை, கை நீட்டுபவர் இல்லை. இதுவரை ஸிஸாக்கேலேயிடம் பொய் சொன்னதுகூடக் குறைவுதான். இந்த ஒன்றைச் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் வந்து, சாப்பாட்டில் உப்பு குறைவு என்றார். அவள் உப்பை எடுத்து வைத்தாள்.

மறுநாள் டர்பன் நகரத்தில் இலவசமாக வழக்குப் பார்க்கும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். வக்கீல் கன்யீசிலே சின்ன வயசுக்காரி, பேச்சு வேகம். பத்திரத்தைப் படித்ததும் முதலில் சிரித்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

"முன்னாடியெல்லாம் நம்ம நேட்டால் பக்கம் வழக்கப்படி கட்டின பொண்டாட்டிக்கு ஒண்ணுமே கிடையாதும்மா. வீட்லேர்ந்து பானை வரைக்கும் குடும்பத் தலைவருது. அது பொண்ணையும் ஆணையும் சமமா நடத்தல, அரசியல் சட்டத்துக்கே விரோதம்னு போன டிசம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றம் அடிச்சுடுச்சு. பழைய கல்யாணத்துக்கும் சேர்த்துதான். பாதி வீடு உங்களுது. உங்க கையெழுத்து இல்லாம அவரால ஒரு செங்கல்லைக்கூட விக்க முடியாது."

"அது தெரிஞ்சுதான் கல்யாணமே ஆகலன்னு சொல்றார்" என்றாள் ஸிஸாக்கேலே.

அங்கேதான் முடிச்சு. கல்யாணத்தை அவர்கள் பதிவு செய்யவில்லை. எண்பத்தொன்றில் யார் பதிவு செய்தார்கள்? இரண்டு மாடு பாக்கி என்பதால் கல்யாணம் இல்லாமல் போகாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் வக்கீல். விற்பனையை நிறுத்தச் சொல்லிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு இன்றைக்கே கடிதம் போகும், வழக்கும் போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் அவர் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். அதை எதிர்த்து நிற்க, அன்றைக்கு ஆடு வெட்டிப் பெண்ணை அழைத்துக்கொண்டதை அவர் பக்கத்து ஆள் ஒருவர் ஒப்புக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். இல்லையென்றால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அவர் பக்கத்து ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பது ஸிஸாக்கேலேக்குத் தெரியும். ங்குபானேக்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத கூட்டம். கொஞ்ச நேரம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு யோசித்தாள். பிறகு, இந்தப் பத்திரம் பொய், இவள் என் மனைவி என்று அவர் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு தாளை எழுதிக் கொடு, சாட்சிகளுக்கும் இடம் விட்டுவை என்றாள்.

வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரு எதுக்கும்மா போடப்போறாரு?"

"சனிக்கிழமை என் பொண்ணைக் கேட்டு வர்றாங்க" என்றாள் ஸிஸாக்கேலே.

கன்யீசிலேயும் ஸுலுப் பெண்தான். விவரம் சொல்லத் தேவையிருக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது தடவையாகச் சிரித்தாள். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை.

நகரத்துப் படிப்புப் படித்த மனிதர்கள் சில சமயம் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பெக்குமூஸி படிக்காமலே மறந்திருந்தார். ஸுலு வழக்கப்படி, மணந்தவனுக்குத்தான் பிள்ளைகள். மணக்காதவன் பெற்ற பிள்ளை தாய்வழி வீட்டுப் பிள்ளை. அதன் குலப்பெயர் தாய்மாமன் குலப்பெயர். அது பெண்ணானால் அவளைக் கேட்டு வருகிறவர்கள் தாய்மாமன் வாசலில்தான் நிற்கவேண்டும், மாடுகளும் அவன் தொழுவத்துக்குத்தான் போகவேண்டும். பெக்குமூஸியின் ஒரே மகள் பெயர் ஸிபுயீலே. மாடுகள் திரும்பி வந்துவிட்டன என்று பொருள். பிறந்த அன்றைக்கு அவரே மூலிகைப் புகை போட்டு, முன்னோரைக் கூப்பிட்டு வைத்த பெயர். மனைவிக்காகக் கொடுத்த மாடுகளெல்லாம் மகள் வழியாக வீடு வந்து சேரும் என்று அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டை விற்கிற அவசரத்தில், அந்த மாடுகள் எந்த வீட்டுக்கு வரும் என்பதை யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை ஸிஸாக்கேலே தன் அண்ணன் லிண்டானிக்குத் தொலைபேசியில் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். லிண்டானி கிராமத்தில் செலே குடும்பத்துக்குத் தலைவர். கேட்டதும் முதலில் கொதித்தார். உன்னை என்ன நினைத்தான் அவன், வண்டி பிடித்து இப்போதே வருகிறேன் என்றார். அவள் திட்டத்தைச் சொல்லச் சொல்லக் கொதிப்பு அடங்கி, குரலில் ஒரு ஆசை தட்டுப்பட்டது. அப்படியானால் ஸிபுயீலேக்காக வருகிற பதினோரு மாடும் நம் தொழுவத்துக்கா என்று கேட்டார்.

"அண்ணே, நமக்கு வேண்டியது மாடு இல்ல. அவர் வாய். அதை மறந்துடாதீங்க" என்றாள்.

மறக்கவில்லை, மறக்கவில்லை என்றார். ஆனால் தொழுவத்தைப் பழுது பார்க்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

வெள்ளிக்கிழமை மகளிடம் சொன்னாள். ஸிபுயீலே பைன்டவுனில் பள்ளி ஆசிரியை. அம்மாவின் நிதானமும் அப்பாவின் பிடிவாதமும் ஒன்றாக இறங்கியவள். பத்திரத்தைப் படித்தபோது அவள் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்துத்தான் ஸிஸாக்கேலேக்கு முதன்முதலாக அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"என்ன வெச்சு ரெண்டு பேரும் கயிறு இழுக்கறீங்களாம்மா?"

"ஆமா. உன்ன வெச்சுதான் இழுக்கறேன். எங்கிட்ட வேற கயிறு இல்ல."

மகள் பத்திரத்தை மடித்து அம்மாவிடமே கொடுத்தாள். பிறகு, அப்பா சரி கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டாள். சொல்லமாட்டார் என்றாள் அம்மா. அதைச் சொன்ன விதத்தில் துளி சந்தேகம் இல்லை. மகள் போன பிறகுதான் பயம் வந்தது. பணக் கணக்குப் பார்த்தால் பதினோரு மாட்டைவிட வீட்டின் விலை பல மடங்கு பெரிது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடும் போகும், மனைவி என்ற பேரும் போகும், அதுவும் ஊர் நடுவே, அவளே கூட்டி வைத்த சபையில். இருந்தாலும் அந்த மனிதரோடு இருபத்தெட்டு வருஷம் இருந்தவள் அவள். அவர் எதற்குப் பொய் சொல்வார், எதற்குச் சொல்லமாட்டார் என்று வக்கீலுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை சூரியன் எழுமுன்னே வீடு நிறைந்துவிட்டது. சோளப் பீர் பானைகள் நுரைத்தன. சமையலறையில் ஸிஸாக்கேலே மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஸிபுயீலே தோழிகளோடு உள்ளறையில் இருந்தாள். பெண்ணின் தகப்பன் பேச்சுவார்த்தையில் வாய் திறக்கக்கூடாது, முகம் காட்டக்கூடாது என்பதால் பெக்குமூஸி புதுச் சூட்டு மாட்டிக்கொண்டு படுக்கையறையில் புதுமாப்பிள்ளை கணக்காக உட்கார்ந்திருந்தார். அவருக்காகப் பேச அவருடைய சித்தப்பா கூடத்தில் தயாராக இருந்தார்.

வெளிச்சம் வந்த வேளையில் வாசல் கதவுக்கு அப்பால் நாலு பேர் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ம்தேத்வா தொண்டையைச் செருமிக்கொண்டு, ங்குபானே குலத்தின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூவினார். உங்கள் தோட்டத்தில் அழகான பூ ஒன்று கண்டோம், அதைக் கேட்டு வந்திருக்கிறோம் என்றார். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. இப்படிக் கூவுகிறவர்களை வெகுநேரம் குளிரில் நிற்க வைப்பதுதான் மரியாதை. ஆனால் அன்றைக்கு, முந்தின இரவே கிராமத்திலிருந்து வந்திருந்த லிண்டானி உடனே எழுந்து போனார்.

"யார் வீட்டைக் கூப்பிடறீங்க பெரியவரே?"

"ங்குபானே வீட்டை. அவங்க மகள் ஸிபுயீலேயைக் கேட்டு வந்தோம்."

"வாசல் தப்பிட்டீங்களே. ங்குபானேவுக்கு மகளே கிடையாது. அவர் கல்யாணமே ஆகாதவர். போலீஸ் முத்திரையோட எழுதிக் கொடுத்திருக்கார், பாருங்க. பொண்ணு செலே வீட்டுப் பொண்ணு. நான் அவ தாய்மாமன். எங்க ஊருக்கு வழி சொல்றேன், மாட்டை அங்க ஓட்டிட்டு வாங்க."

ம்தேத்வா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தைப் படித்தார். கண் மங்கியவர்களின் வழக்கப்படி வாய்விட்டே படித்தார். பக்கத்து வீட்டு வேலியில் நாலு தலைகள் முளைத்தன. சித்தப்பா ஓடிவந்து, இது ஏதோ விற்பனைக்கு எழுதிய தாள், இதைப் பெரிதுபடுத்தலாமா என்றார். லிண்டானி அவரிடம் திரும்பி, அப்படியானால் இது பொய் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் கதவைத் திறக்கிறேன் என்றார். சித்தப்பா படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெரியாத வீட்டில் பெண் கேட்டுவிட்டோமோ என்று மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். ஒருவர் காரின் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

பெக்குமூஸி சமையலறைக்கு வந்தார். சூட்டின் கழுத்துப் பொத்தான் அவரை நெரித்துக்கொண்டிருந்தது.

"மாச்செலே, உன் அண்ணனை உள்ள கூப்பிடு" என்றார் மெதுவாக, செலே குலத்துப் பெண்ணைக் கூப்பிடும் முறையில்.

"நான் எப்படிங்க கூப்பிடறது? பின்னாடி ரூம்ல வாடகைக்கு இருக்கறவ" என்றாள். எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அது வீட்டுக்காக எழுதினது. இது வேற."

"நானும் அதத்தான் வக்கீல்கிட்ட கேட்டேன். வீடு விக்கறப்ப பொண்டாட்டி இல்ல, மாடு வாங்கறப்ப உண்டுன்னு வெச்சுக்கலாமான்னு. முடியாதாம். ஒண்ணு உண்டு, இல்லேன்னா இல்ல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வெள்ளை வண்டி அவர் கண்ணில் ஓடியதை அவள் பார்த்தாள். சொல்லித்தொலைக்கப் போகிறார், கொண்டு போங்கள் என்று சொல்லித்தொலைக்கப் போகிறார் என்று மனம் அடித்துக்கொண்டது. மாவுருண்டைகள் கருகுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளறையின் கதவுக்குப் பின்னாலிருந்து ஸிபுயீலேயின் குரல் வந்தது. அவள் வெளியே வரக்கூடாது, வரவும் இல்லை. "அப்பா, நான் இந்த வீட்டை விட்டுப் போறேன்னு நம்ம முன்னோர்கிட்ட யார் சொல்லப்போறது? மாமாவா?"

அழுகிற குரல் இல்லை அது. வகுப்பில் கேள்வி கேட்கிற குரல். பெக்குமூஸி கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பெண்ணின் தகப்பன் முகம் காட்டக்கூடாத நாளில், சூட்டும் வெறுங்காலுமாக, வாசல் வரைக்கும் நடந்தார்.

"நான்தான் பெக்குமூஸி ங்குபானே" என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "கேக்க வந்தது என் மகளை. அவ அம்மா எம் பொண்டாட்டி. ஆடு வெட்டி, எங்க அப்பா கையால இந்தக் குடும்பத்துக்குள்ள அழைச்சவ. அந்தத் தாள்ல இருக்கறது பொய். நான்தான் எழுதினேன்."

ம்தேத்வா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இப்போது வாசல் சரியா என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். ஆனால் ஸிஸாக்கேலே அதோடு விட்டுவிடுகிறவள் இல்லை. வாயால் சொன்னதை வாய் மறந்துவிடும் என்று அந்த வாரம் கற்றுக்கொண்டிருந்தாள். பெண்கள் வரக்கூடாத இடத்துக்கு மேல்துணியைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வக்கீல் எழுதிய தாளை மாப்பிள்ளை வீட்டுக் காரின் முன்மூடிமேல் விரித்தாள். பேனாவையும் அவளே கொண்டு வந்திருந்தாள். பெக்குமூஸி போட்டார், சித்தப்பா போட்டார், லிண்டானி போட்டார். வேறு குலத்துச் சாட்சியாக ம்தேத்வாவும் போட்டார். பெண் கேட்க வந்த இடத்தில் பெண்ணின் தாய்க்குக் கல்யாணம் பண்ணிவைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று சொல்லி, இரண்டு குவளைப் பீர் அதிகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

லிண்டானிக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. தொழுவத்தை நினைத்திருப்பார். பெக்குமூஸி அவரைத் தனியாக அழைத்து, பாக்கி இரண்டு மாட்டை இந்தப் பதினொன்றிலிருந்தே ஓட்டிக்கொண்டு போங்கள் மச்சான் என்றார். முகம் தெளிந்தது. அன்று மாலை பெக்குமூஸி முற்றத்தில் மூலிகைப் புகை போட்டு, மகள் போகிறாள், காப்பாற்றுங்கள் என்று முன்னோரிடம் சொன்னபோது அவர் மகளின் பெயரில் இரண்டு தடவை தடுக்கி, மறுபடி தொடங்கினார். ஸிஸாக்கேலேக்கு அவர்மேல் அன்பு பொங்கியது. அவளும் மறைக்கவில்லை, பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கோபம் அதனால் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

செவ்வாயன்று செலே, ங்குபானே இரண்டு வீட்டாரும் போய் ஸிஸாக்கேலேயின் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். சான்றிதழில் ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று என்று இருந்தது. அவள் அதை மூன்று தடவை படித்தாள்.

வியாழக்கிழமை ம்ஸோமி வந்தான். திரைச்சீலைகள் தைத்தாகிவிட்டதாம். வக்கீலின் கடிதத்துக்குப் பிறகு விற்பனைப் பத்திரத்தைப் புதிதாக எழுதியிருந்தார்கள். கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன. பெக்குமூஸி தன் கோட்டில் முதலிலேயே போட்டுவிட்டார். பாதி உனக்கு என்று ஆகிவிட்டபின் விற்பதில் என்ன கஷ்டம், பாதிப் பணம் உன் கைக்கு வரும், மீதியில் வண்டிக்கு முன்பணம் கட்டுகிறேன் என்று காலையிலிருந்து இதமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஸிஸாக்கேலே உட்கார்ந்து பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். தேநீர் ஆறியது.

"விலையெல்லாம் நல்ல விலைதான் தம்பி" என்று தாளை அவன் பக்கமாகத் தள்ளினாள். "நான் போடல."

ம்ஸோமி பெக்குமூஸியைப் பார்த்தான். பெக்குமூஸி அவளைப் பார்த்தார்.

"ஏன்னு ஒரு காரணமாவது சொல்லு, மாச்செலே."

இருபத்தெட்டு வருஷமாக அவள் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவந்திருக்கிறாள். பேருந்து ஏன் தாமதம், உப்பு ஏன் குறைவு, அம்மாவைப் பார்க்க ஏன் போகவேண்டும், சொந்தச் சம்பளத்தில் காலணி ஏன் வாங்கினாய். இதற்கும் அவளிடம் மூட்டை மூட்டையாகக் காரணங்கள் இருந்தன.

"எனக்கு விக்க இஷ்டமில்ல. அவ்வளவுதான்" என்றாள்.

மேலே ஏதாவது வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. ம்ஸோமி பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான். சட்டத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.